உச்சி வெயிலில் ஒரு வெடிப்பு
(தூத்துக்குடியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2024 மே 10, வெள்ளிக்கிழமை. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த நாள். அட்சய திருதியையும் அன்றுதான். நகைக்கடைகளில் கூட்டம், வீட்டுக்கு வீடு செல்போனில் மதிப்பெண் பார்க்கும் பரபரப்பு. அக்னி நட்சத்திரம் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. அன்று நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வந்தது பகல் 12 மணி 14 நிமிடத்துக்கு. அதற்குப் பத்து நிமிடம் கழித்து, 12.24க்கு, ஏறக்குறைய நம் தலைக்கு மேலே நின்ற அந்தச் சூரியனின் முகத்தில் ஒரு பெரிய வெடிப்பு உச்சத்தைத் தொட்டது. தூத்துக்குடியில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்க வழியும் இல்லை. வெயில் கூடவில்லை, நிழல் மாறவில்லை, செல்போன் வழக்கம்போல் வேலை செய்தது.

ஆனால் அந்த நிமிடத்தில் நம் தலைக்கு மேல் வானம் மாறிப்போயிருந்தது. தரையிலிருந்து அறுபது எழுபது கிலோமீட்டர் உயரத்திலிருந்தே காற்றணுக்கள் எக்ஸ் கதிரால் உடைந்து மின்னேற்றம் பெற்றன. குறுகிய அலை வானொலி அந்த உயரத்தைத் தாண்டிப் போய்த்தான் தொலைதூரக் கப்பலைச் சேர வேண்டும். மின்னேற்றம் மிகுந்த அடுக்கு அந்த அலையை விழுங்கிவிடும். இந்த அளவு வெடிப்பு நேரும்போதெல்லாம், பூமியின் எந்தப் பக்கம் பகலாக இருக்கிறதோ அந்தப் பக்கம் குறுகிய அலைத் தொடர்பு கொஞ்ச நேரம் செத்துப்போகும். சூரியன் எங்கே உச்சியில் நிற்கிறதோ அங்கே பாதிப்பு அதிகம். மே 10 அன்று அப்படி நின்ற இடங்களில் நம் கடலும் ஒன்று.

சூரிய வெடிப்புகளை எக்ஸ் கதிரின் வலுவைக் கொண்டு ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று வகைப்படுத்துகிறார்கள். ஒவ்வொரு படியும் முந்தையதைப் போலப் பத்து மடங்கு. நான் சொன்னது எக்ஸ் 3.9. அதைக் கிளப்பிய கரும்புள்ளிக் கூட்டத்துக்கு 13664 என்று எண். பூமியை வரிசையாகப் பதினைந்து தரம் வைத்தால்தான் அதன் நீளத்தைத் தொடும். கிரகணக் கண்ணாடி போட்டுப் பார்த்தவர்களுக்குத் தொலைநோக்கி இல்லாமலே அது தெரிந்தது. அதே கூட்டத்திலிருந்து முந்தைய இரண்டு நாட்களில் கிளம்பிய பிளாஸ்மா மேகங்கள் அன்றிரவு பத்தரை மணிக்குமேல் பூமியின் காந்தப்புலத்தில் வந்து மோதின. ஒளி சூரியனிலிருந்து எட்டேகால் நிமிடத்தில் வந்துவிடும். இந்த மேகத்துக்கு ஒரு நாளோ இரண்டு மூன்று நாளோ ஆகும். இருபது ஆண்டுகளில் பூமி கண்ட மிகக் கடுமையான காந்தப்புயல் அது. மே 11 அதிகாலையில் லடாக்கின் ஹான்லே வானாய்வகத்துக் கேமராக்களில் வானம் சிவந்து பதிவானது. துருவ ஒளி அவ்வளவு தெற்கே இறங்கி வருவது அபூர்வம்.

இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வானத்து நிகழ்ச்சிகளில் எதற்கு அஞ்சுவது, எதைக் கவனிப்பது என்பதில் நாம் நெடுங்காலம் தடுமாறியிருக்கிறோம். வாலோடு தோன்றும் நட்சத்திரத்தைக் கண்டு ஊரே நடுங்கியது. அதனால் யாருக்கும் ஒரு கீறலும் விழுந்ததில்லை. கண்ணில் படாத வெடிப்போ கனடாவின் கியூபெக் மாநிலத்தை 1989 மார்ச் 13இல் ஒன்பது மணி நேரம் இருளில் தள்ளியது. 2022 பிப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 கோள்கள், காந்தப்புயலால் மேல்காற்று சூடேறித் தடித்ததால், உரிய சுற்றுப்பாதையை எட்டாமலே விழுந்து எரிந்தன. துருவத்தை ஒட்டிய நாடுகளுக்கு உள்ள மின்தடை அபாயம் நமக்கு இல்லை. நமக்கு இருப்பது வேறு விதம். அது நம் கரையின் இருப்பிடத்தோடு சேர்ந்தது.

பூமிக்கு நடுவே ஒரு ரேகை இருப்பதுபோல் பூமியின் காந்தத்துக்கும் ஒரு நடுக்கோடு உண்டு. அந்தக் கோட்டில், மேலும் கீழும் அசையும்படி தொங்கவிட்ட காந்த ஊசி எந்தப் பக்கமும் சாயாமல் கிடையாக நிற்கும். இந்தியாவின் தென்கோடி அந்தக் கோட்டை ஒட்டி இருக்கிறது. அதன் வழியே, சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. 1963 நவம்பர் 21இல் முதல் ராக்கெட்டை ஏவுவதற்குத் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே இந்தக் கோட்டுக்காகத்தான். மலைக்கு இந்தப் பக்கம், திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது. கிருஷ்ணாபுரம் என்றதும் நமக்குக் கோயில் சிற்பங்கள் நினைவுக்கு வரும். அதே பெயர் உலகத்துப் புவிக்காந்த ஆய்வாளர்களுக்கும் பழக்கம்.

காந்தப் பதிவு எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். நேரம் ஓட ஓட ஒரு கோடு வரைந்துகொண்டே போகும். காலையில் மெல்ல ஏறி, நண்பகலுக்குச் சற்று முன் உச்சிக்கு வந்து, மாலையில் இறங்கும். அமைதியான நாளில் அது ஒரு குன்றின் வடிவம். சூரிய வெடிப்பு நேர்ந்தால் அந்தக் குன்றின் மேல் சின்னதாக ஒரு கொக்கி முளைக்கும். சில நிமிடத்தில் ஏறி, ஏறியதைவிட மெதுவாக வடியும். எக்ஸ் கதிர் மேல்காற்றில் மின்னேற்றத்தைக் கூட்டியதும் மின்னோட்டம் வலுத்து, தரையில் உள்ள காந்தமானி அதை உணர்வதால் வரும் கொக்கி அது. மின்னோட்டம் வலுவாக ஓடும் நம் பகுதியில் அது தெளிவாகப் பதிவாகும்.

இந்த வேலை நம் பக்கத்தில் புதிதல்ல. திருவனந்தபுரம் வானாய்வகத்துக்கு 1852இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் புரூன் பொதிகையில், அகத்தியர் மலை உச்சியை ஒட்டி, காடும் அட்டையும் மழையும் சூழ ஒரு காந்தநோக்குக் கூடம் அமைத்தார். நம் தாமிரபரணி பிறக்கும் அதே மலைத்தொடர். காந்தக் குலுக்கல் சுமார் 26, 27 நாட்களுக்கு ஒரு முறை திரும்பத் தலைகாட்டுவதைக் கண்டவர்களில் அவர் முக்கியமானவர். சூரியன் தன்னைத் தானே ஒரு சுற்றுச் சுற்றி அதே முகத்தை நமக்குக் காட்ட ஏறக்குறைய அத்தனை நாள் ஆகிறது. 1859 செப்டம்பரில் இங்கிலாந்தில் காரிங்டன் என்ற வானியலாளர் வெண்ணொளியில் ஒரு சூரிய வெடிப்பைக் கண்டார். அடுத்த நாள் வந்த காந்தப்புயலை மும்பை கொலாபா ஆய்வகம் பதிவு செய்தது. அந்தப் புயலின் வலுவை மதிப்பிட இன்றைக்கும் அந்தப் பதிவைத்தான் எடுக்கிறார்கள். மூட்டை மூட்டையாகக் கிடந்த தாளை யாரோ தூக்கி எறியாமல் வைத்திருந்த புண்ணியம்.

கொடைக்கானலை இந்த இடத்தில் சொல்லியே ஆக வேண்டும். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் நம் ஜனங்களைக் கொன்று குவித்தது. பிழைக்க வழியில்லாமல் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களில் ஒரு பகுதியினர் இந்தத் தூத்துக்குடிக் கரையிலிருந்து போனவர்கள். மழை ஏன் பொய்த்தது, சூரியக் கரும்புள்ளிக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு வலுத்தது. சூரியனை நாள்தோறும் கவனிக்க வேண்டும் என்ற பரிந்துரை அதிலிருந்துதான் வந்தது. சென்னை வானாய்வகத்தின் பணி 1899இல் கொடைக்கானல் மலைக்குப் போனது. 1909இல் ஜான் எவர்ஷெட் அங்கே கரும்புள்ளியின் விளிம்பில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் எடுத்த சூரியப் படங்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. நூறாண்டுக்கு மேலாகச் சூரியனை ஒரே இடத்திலிருந்து பார்த்த தொடர் பதிவு உலகத்தில் அதிகம் இல்லை. பஞ்சத்தில் செத்தவர்கள் நமக்கு விட்டுப்போன ஆய்வுக்கூடம் என்றே நான் அதை நினைக்கிறேன்.

வால்நட்சத்திரத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் காத்திருப்பது இதற்குத்தான் என்று தெரியும்.

நம் மாவட்டத்து எட்டயபுரத்தில் பிறந்த பாரதி, 1910இல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தபோது புதுச்சேரியில் இருந்தார். ‘சாதாரண வருஷத்துத் தூமகேது’ என்ற அவர் பாடல் அப்போது பிறந்தது. அந்த மே மாதம் பூமி அதன் வாலுக்குள் புகுந்து போகும் என்று கணக்கிட்டிருந்தார்கள். வாலில் நச்சுவாயு இருக்கிறது, ஜனங்கள் மூச்சுத் திணறிச் சாவார்கள் என்று மேல்நாடுகளிலேயே பீதி பரவி, அமெரிக்காவில் அதற்கு மாத்திரைகூட விற்றார்கள். பாரதியோ அந்த வால் மிக மெல்லிய வாயுவால் ஆனது என்பதைக் கவிதைக்குள்ளேயே வைத்தார். எழுபத்தைந்து ஆண்டுக்கு ஒரு முறை அது வரும் கணக்கும் அதில் இருக்கிறது. 

அதே புதுச்சேரியில், பாரதிக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன், 1689 டிசம்பரில், ழான் ரிஷோ என்ற சேசு சபைப் பாதிரியார் ஒரு வால்நட்சத்திரத்தைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த ஆல்பா செண்டாரி நட்சத்திரத்தின் மேல் கண் போனது. அது ஒன்றல்ல, இரண்டு என்று கண்டார். நம் சூரியனுக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரக் குடும்பத்தின் முதல் ரகசியம் சோழமண்டலக் கரையில் வெளிப்பட்டது. பாரிசிலிருந்து பார்த்தால் அந்த நட்சத்திரம் தொடுவானத்துக்கு மேலே ஏறுவதே இல்லை.

இன்னொரு கதை 1872இல் நடந்தது. பியேலா என்ற வால்நட்சத்திரம் 1846இல் இரண்டாகப் பிளந்து, 1852க்குப் பிறகு காணாமலே போயிருந்தது. 1872 நவம்பர் 27 இரவு ஐரோப்பாவில் எரிகற்கள் மழையாகப் பொழிந்தன. பியேலாவின் பாதையிலிருந்து வந்த துகள்கள் அவை. ஜெர்மனியின் கெட்டிங்கனில் இருந்த கிளிங்கர்ஃபூஸ் என்ற வானியலாளர் கணக்குப் போட்டார்: பியேலா பூமியைத் தொட்டுவிட்டுப் போயிருந்தால், இப்போது அது தென்வானத்தில் செண்டாரஸ் மண்டலத்தில் இருக்க வேண்டும். அங்கிருந்து அவரால் பார்க்க முடியாது. யாரால் முடியும்? சென்னை வானாய்வகத்தில் இருந்த நார்மன் போக்சனுக்குத் தந்தி அடித்தார், அந்தத் திசையில் தேடுங்கள் என்று. டிசம்பர் மாதச் சென்னை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மேகம் விலகிய இரண்டு விடியல்களில் போக்சன் தேடினார். சொன்ன இடத்துக்கு அருகே ஒரு வால்நட்சத்திரம் உண்மையாகவே இருந்தது! இரண்டு நாளும் அதன் இடத்தைக் குறித்தார். பிறகு வானம் மூடிக்கொண்டது. அது மீண்டும் கிடைக்கவில்லை. பின்னால் கணக்குப் போட்டவர்கள் அது பியேலா ஆக இருக்க முடியாது என்றார்கள். அப்படியானால் அது எது? இன்றுவரை தெரியாது. உலகத்தில் வேறு யாரும் பார்க்காத ஒரு வால்நட்சத்திரம், தெற்கே ஒருவர் கண்விழித்து எழுதி வைத்ததால் மட்டும் கணக்கில் இருக்கிறது.

அந்த வானாய்வகத்தில் போக்சனுக்குத் துணையாக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியையும் மறக்கக்கூடாது. 1867இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவர். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அது என்ன என்று பொதுஜனங்களுக்கு விளக்க நம் நாட்டு மொழிகளில் நூல் எழுதி வெளியிட்டவர். இன்று நான் செய்ய முயல்வதை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்தவர்.

சென்னையிலிருந்து பார்ப்பதைவிட இன்னும் நாலேகால் டிகிரி தெற்கு வானம் நமக்குக் கிடைக்கிறது. துருவ நட்சத்திரம் நம் ஊரில் தொடுவானத்துக்கு ஒன்பது டிகிரி மேலே தாழ்ந்து நிற்கும். அதற்கு ஈடாகத் தென்சிலுவையும் ஆல்பா செண்டாரியும் அகத்திய நட்சத்திரமும் நமக்கு நன்றாகத் தெரியும். கிழக்கே தடையில்லாத கடல். விடியலுக்கு முன் தோன்றும் வால்நட்சத்திரத்துக்கு இதைவிட நல்ல இடம் எது?

இந்த வானத்தை நம் முன்னோர் தொழிலாகவே அறிந்திருந்தார்கள். முத்துக்குளிப்புக் காலத்தில் நள்ளிரவுக்குமேல் கரைக்காற்று எழுந்ததும் வள்ளங்கள் கிளம்பிப் பொழுது விடியும்போது முத்துப் பாரில் நிற்கும். மாசி, பங்குனி, சித்திரை மாதத்து விடியல் வானம் முழுவதும் அந்தக் குளியாட்களின் கண்முன் கிடந்தது. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய்விரித்துப் போன தோணித் தண்டல்கள் இரவில் நட்சத்திரத்தைப் பிடித்துத்தான் தோணியைச் செலுத்தினார்கள். 1882 செப்டம்பரில் பட்டப்பகலில் சூரியனுக்கு அருகிலேயே தெரிந்த பெரும் வால்நட்சத்திரம், அதன்பின் வாரக்கணக்கில் கிழக்கே விடியலில் நீண்ட வாலோடு எழுந்தது. நம் கரையில் அதைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்கள் என்ன நாள், என்ன திசை, வால் எத்தனை சாண் என்று சொன்னதை யாரும் கேட்டு எழுதவில்லை. முத்துக்குளிப்பும் 1961க்குப் பிறகு நின்றுபோனது. அந்த வான அறிவில் எவ்வளவு அவர்களோடு போய்விட்டதோ என்று நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

2024இல் வந்த சுசின்ஷான்-அட்லஸ் வால்நட்சத்திரத்துக்கு இந்த நிலை நேரவில்லை. செப்டம்பர் 27இல் சூரியனை நெருங்கியது. அந்த நாட்களில் தென்னிந்தியாவில் விடியலுக்கு முன் கிழக்கே வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. அக்டோபர் நடுவில் மாலையில் மேற்கே வந்தது. இனி ஒன்று வரும்போது, துறைமுகத்தின் விளக்கும் அனல்மின் நிலையத்தின் விளக்கும் இருக்கும் திசையில் நின்று தேடினால் மங்கலான வால் எடுபடாது. வேம்பார் பக்கமோ, மணப்பாடு குன்றின் மேலோ, பெரியதாழைக் கரையிலோ நின்றால் வானம் இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. இருபது நிமிடம் செல்போன் திரையைப் பார்க்காமல் இருளில் கண்ணைப் பழக்க வேண்டும். மங்கலான வாலை நேராக உற்றுப் பார்ப்பதைவிட அதற்குச் சற்றுப் பக்கத்தில் பார்த்தால் நன்றாகத் தெரியும். கண்ணின் அமைப்பு அப்படி.

கடலுக்குப் போகும் அண்ணன்மார்களுக்கு ஒரு வார்த்தை. காந்த நடுக்கோட்டை ஒட்டிய வானத்தில் பொழுது சாய்ந்தபின் மின்னேற்ற அடுக்கில் குமிழ்கள் கிளம்பும். பங்குனி, சித்திரையிலும் புரட்டாசி, ஐப்பசியிலும் அதிகம்; சூரியன் கொந்தளிக்கும் ஆண்டுகளில் இன்னும் அதிகம். செயற்கைக்கோள் சமிக்ஞை அந்தக் குமிழ் வழியாக வரும்போது துடிக்கும். ஜிபிஎஸ் கருவி செயற்கைக்கோளைத் தவறவிட்டு மறுபடி பிடிக்கும். இலங்கை எல்லை இவ்வளவு அருகில் இருக்கும் கடலில், கருவி தடுமாறும் இரவில் கையில் ஒரு திசைகாட்டியும், எந்த நட்சத்திரம் எங்கே எழும் என்ற நினைவும் இருப்பது நல்லது. அப்படித் தடுமாறினால் தேதியையும் நேரத்தையும் குறித்து வாருங்கள். அந்தக் குறிப்பு ஆய்வாளருக்குப் பயன்படும்.

கிரகணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2010 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல், தை அமாவாசை. பகல் ஒன்றேகால் மணியளவில் நம் ஊரில் சூரியன் கங்கணமாகி, பத்து நிமிடம்போல் அப்படியே நின்றது. பூவரச மரத்தடியில் விழுந்த ஒவ்வொரு வெளிச்சப் பொட்டும் வளையமாக இருந்தது. இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கேமராவாக வேலை செய்ததால் வந்த காட்சி. பல வீடுகளில் கதவைச் சாத்திப் பிள்ளைகளை உள்ளே வைத்துவிட்டார்கள். ஆயுளில் அபூர்வமாகக் கிடைப்பதை அந்தப் பிள்ளைகள் இழந்தார்கள். இத்தனைக்கும் கிரகணத்தைக் கணக்கிடுவதில் நம்மவர்கள் சூரர்கள். 1825இல் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதர் சோழிகளைத் தரையில் பரப்பி, வாய்பாட்டை மனப்பாடமாகவே சொல்லி, சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டதை ஜான் வாரன் என்பவர் எழுதி வைத்தார். தொடக்கத்தை நாலு நிமிடப் பிழைக்குள் சொல்லிவிட்டார் அந்தக் கணிதர். முடிவில் பிழை ஐம்பது நிமிடத்தைத் தாண்டியது. கணக்கைப் போட்டவன் வானத்தையும் பார்த்து, பிழையைக் குறித்துத் திருத்தியிருந்தால் அந்த முறை எங்கோ போயிருக்கும்.

இனி வருவதைப் பாருங்கள். குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டினார்கள். இலங்கையைச் சுற்றி வளையாமல் நேரே தெற்கே ஏவலாம் என்பதால் நம் கரையைத் தேர்ந்தார்கள். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று சூரியனைப் பார்க்கும் ஆதித்யா எல்1 திட்டத்தின் இயக்குநராக இருந்த நிகர் சாஜி, செங்கோட்டைக்காரர். பிள்ளைகளே, இது தொலைவில் உள்ளவர்கள் செய்யும் காரியம் என்று எண்ண வேண்டாம்.

பள்ளி ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஏப்ரல் 12, 13 தேதிகளில் பகல் 12.18 மணிக்குச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். மைதானத்தில் ஒரு கம்பை நட்டால் அந்த நிமிடம் அதற்கு நிழல் இருக்காது. ஆகஸ்ட் 30ஐ ஒட்டியும் அப்படியே. பிள்ளைகளை வெளியே நிறுத்தி அளக்கச் சொல்லுங்கள். அளந்ததை நோட்டில் தேதி, நேரம், இடத்தோடு எழுதச் சொல்லுங்கள். எரிகல் பார்த்தாலும் வால்நட்சத்திரம் பார்த்தாலும் அதே நோட்டில் எழுதட்டும்.

2031 மே 21 அன்று கங்கணச் சூரிய கிரகணம் தேனி, மதுரை, காரைக்குடி, வேதாரண்யம் வழியாகப் போகிறது. நம் ஊரில் சூரியனின் பெரும்பகுதி மறையும். மூன்று மணி நேரம் பேருந்தில் போனால் வளையத்தையே பார்க்கலாம். எக்ஸ்ரே பிலிமோ கறுப்புக் கண்ணாடியோ வேண்டாம். கிரகணத்துக்கென்று தரச்சான்று பெற்ற கண்ணாடியையோ, பதினாலாம் எண் வெல்டிங் கண்ணாடியையோ இப்போதே வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அன்றைக்கு ஒரு வீட்டிலும் கதவைச் சாத்தாதீர்கள். பிள்ளைகளை வெளியே கூட்டி வாருங்கள்.